மண்டபத்தில் வைத்த கைது

1. கழிவறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று ஷூ கம்பெனியில் புது விதி போட்டார்கள். ஒரு வரிசைக்கு ஒரே டோக்கன். என் அக்கா அங்கே ஷூவின் மேல்பகுதி தைப்பவள்.

2. அதை எதிர்த்து அக்காவும் மற்றப் பெண்களும் ஆம்பூர் பக்கத்தில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். லெமன் சாதம் கொடுத்து, பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

3. சில வருடம் கழித்து அக்காவுக்கு ரேஷன் கடை விற்பனையாளர் வேலை கிடைத்தது.

4. படிவத்தில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினாள்.

5. போலீஸ் விசாரணையில் வழக்கு இருப்பது தெரிந்தது. உண்மையை மறைத்ததாகச் சொல்லி வேலையை நிறுத்திவைத்தார்கள்.

“மண்டபத்துல உக்கார வெச்சா அது அரெஸ்டா? பாய் வீட்டுக் கல்யாணத்துக்கும் அங்கதான போனோம்,” என்றாள் அக்கா. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். லாக்கப்புக்குப் போனால்தான் கைது. மண்டபத்துக்குப் போனால் ‘புடிச்சு வுட்டாங்க’, அவ்வளவுதான்.

வழக்கு முடிந்துவிட்டது என்று காட்ட ஒரு காகிதம் கிடைத்தால் வேலை தப்பும். அதைத் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் பதனிட்ட தோலைச் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். பதிவு இருந்தால் தேடி எடுத்துவிடலாம் என்று நம்புகிறவள்.

முதல் தகவல் அறிக்கை காவல் துறை இணையதளத்தில் இருந்தது. திருப்பத்தூர் மாவட்டத்தில் தேடினால் வரவில்லை. அப்போது ஆம்பூர் வேலூர் மாவட்டம். அதில் தேடியதும் வந்துவிட்டது. படித்தபோது வாய் கசந்தது. பொதுமக்களுக்கு இடையூறு செய்தார்களாம், ஆபாசமாகத் திட்டினார்களாம். எதற்காக உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை. கம்பெனி பெயரும் இல்லை.

அந்த எண்ணை நீதிமன்ற இணையதளத்தில் போட்டேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு நேரிலேயே போனேன். நகல் பிரிவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை.

“சார்ஜ் ஷீட்டே வர்லம்மா. வராத கேஸுக்கு இன்னா நகல் குடுக்கறது?”

“அப்ப கேஸ் இல்லன்னாவது எழுதிக் குடுங்க சார்.”

“இல்லாததை எப்டிம்மா எழுதறது? ஸ்டேஷன்ல போய்க் கேளு.”

ஸ்டேஷனில் ரைட்டர் சிரித்த முகமாகத்தான் பேசினார்.

“அதெல்லாம் அப்பவே க்ளோஸ் பண்ட்டோம். போய் வேலயப் பாரும்மா.”

“அத எழுத்துல குடுங்க சார்.”

“மாவட்டம் பிரிக்கறப்ப கேஸ் கட்டெல்லாம் எங்க போச்சோ. உங்கக்காவத்தான் ராஜ மரியாதையா மண்டபத்துல வெச்சு சோறு போட்டமே, இன்னும் இன்னா பேஜாரு?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அங்கே நின்றுகொண்டிருந்ததே எனக்கு அருவருப்பாக இருந்தது. தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். நாற்றத்துக்கு முகம் சுளிக்கிற பழக்கம் இல்லை. அன்று வெளியே வந்து குழாயில் முகம் கழுவிக்கொண்டேன்.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். அதே ஸ்டேஷனிலிருந்து கையெழுத்தும் முத்திரையுமாகப் பதில் வந்தது: ‘வழக்கு புலன் விசாரணையில் உள்ளது.’ சாலையில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரைக்கூட அன்றைக்குப் பிறகு யாரும் விசாரித்ததில்லை. அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இன்னும் இன்னாத்த விசாரிக்கறாங்களாம்?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இன்றைய நிலவரம் இது. காவல் நிலையக் கணக்கில் வழக்கு உயிரோடு இருக்கிறது. நீதிமன்றக் கணக்கில் அப்படி ஒன்று பிறக்கவே இல்லை. வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போட வேண்டிய மனுவை வக்கீல் எழுதிக்கொண்டிருக்கிறார். தீர்ப்பு வரும்வரை ரேஷன் கடையில் தன் இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டாம் என்று அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.