முதுநகரில் நிற்கும் ரயிலில் ஒரு போன் இன்டர்வியூ

கிராசிங்குக்காக முதுநகர் ஸ்டேஷனில் நிற்கிறது சிதம்பரம் போகும் பாசஞ்சர். என் எதிர் சீட்டில் கடலோர ஊர்ப் பெண் ஒருத்தி நோட்டைப் பார்த்து முணுமுணுக்கிறாள். "ஐ குக்... ஐ ஆம் குக்கிங்..."

"என்னம்மா, பரீட்சையா?"

"சிங்கப்பூர்ல ஒரு வீட்டுக்கு சமையல் வேல, மாமா. அந்த மேடம் இப்ப போன்ல கேள்வி கேப்பாங்க. இங்கிலீஷ்ல தினம் செய்யறதுக்கு ஒரு மாதிரி சொல்லணும், இப்ப செய்யறதுக்கு ஒரு மாதிரி. மாத்திச் சொன்னா வேல போச்சுன்னு ஏஜெண்ட் சொல்லிட்டாரு."

"நான் மூணாங்கிளாஸ். இங்கிலீஷ் இல்லாமலே நாலு லாரி வாங்கினவன்" என்கிறேன்.

"செத்த சும்மா இருங்க மாமா."

போன் அடிக்கிறது. "ஐ குக் ஃபிஷ் எவ்ரிடே, மேடம்." தடுமாறாமல் வருகிறது. அடுத்து, இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டிருப்பார்கள் போல; அதற்கும் நோட்டில் இருப்பதையே சொல்கிறாள். "நவ் ஐ ஆம் குக்கிங், மேடம்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே போகிறது. அது என்ன சத்தம் என்று மேடம் கேட்கிறார்கள் போல. இவள் முகம் வெளுத்துப்போகிறது.

"வீட்டுக்குப் பின்னால தண்டவாளம்னு அடிச்சு விடு" என்று கிசுகிசுக்கிறேன். இப்படி எத்தனை பேரைச் சமாளித்திருக்கிறேன்.

அவள் என்னைக் கையமர்த்துகிறாள். நோட்டை மூடி வைக்கிறாள். "சாரி மேடம். ஐ ஆம் சிட்டிங் இன் தி டிரெயின்."

 போனில் மேடம் சிரிப்பது எனக்கே கேட்கிறது.

"பாஸ்போர்ட்ட அனுப்பச் சொல்லிட்டாங்க மாமா" என்று கண்ணைத் துடைக்கிறாள்.

என் யோசனையைக் கேட்காமல் பிழைத்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.