துண்டுப்பின் காந்த வளையம்

உங்கள் தலைவலி ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்கொள்கிறதா?

லே நகரில் எங்கள் தெருக்கோடியில் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார் துண்டுப். வயது நாற்பத்தொன்று. போனெட்டைத் திறக்குமுன்பே, சத்தத்தை வைத்து எந்த சிலிண்டர் தூங்குகிறது என்று சொல்லிவிடுவார். நவம்பரில் அவருக்குத் தலைவலி தொடங்கியது. மதியத்துக்குள் மண்டை பிளக்கும், குமட்டும், கால்கள் துவளும்.

எங்கள் குளிர் பேட்டரியை மந்தமாக்கிவிடும்; இஞ்சின் ஆயிலைக் கூழாக்கிவிடும். பேட்டரி பலம் இழக்கும் நேரத்தில்தான் இஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. அதனால் காலையில் பாடுபட்டுக் கிளப்பிய வண்டியை மாலைவரை இங்கே யாரும் அணைப்பதில்லை. துண்டுப்பும் அணைக்கமாட்டார். ஓடும் வண்டியை உள்ளே நிறுத்தி, ஷட்டரை இறக்கிவிட்டு, அந்தக் கதகதப்பில் வேலை பார்ப்பார்.

டிசம்பரில் ஊர் மண்டபத்தில் ஒரு வியாபாரி காந்த வளையம் விற்றான். அவன் முகாமைத் தொடங்கிவைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். வளையத்தைச் சோதிக்க எவரும் வரவில்லை. ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்துச் சுத்தம் செய்யும் என்றான் வியாபாரி. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். துண்டுப் மெக்கானிக். ஆயில் வடிக்கும் திருகின் முனையில் சிறு காந்தம் வைத்திருப்பார். அதில் அப்பிய இரும்புத்தூளைத் தம் கையாலேயே துடைப்பவர். நம்பிவிட்டார்.

வளையம் வாங்கிய மறுநாளே, மனைவி யங்சனின் நச்சரிப்பு தாங்காமல் சுகாதார நிலையத்துக்கும் போனார். அங்கே செவிலி சுஸ்கித், எங்கள் தெருப் பெண்; எங்கள் ஊர் வழக்கப்படி அவரை ‘அச்சோ’, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவாள்.

“என்ன அச்சோ, வளையல் எல்லாம்? மறுபடியும் கல்யாணமா?”

“சிரிக்காத. இஞ்சின்ல காந்தம் இரும்பப் பிடிக்குதா இல்லையா? ரத்தத்துலயும் இரும்புதான.”

அவள் அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் விட்டாள். வளையத்தைக் கழற்றி அருகே கொண்டுபோனாள். சொட்டு அசையவில்லை.

“ஒரு சொட்டு போதாது சுஸ்கித். உள்ள ஓடணும்.”

“ஞாயித்துக்கிழமை வலிக்குதா?”

அவர் யோசித்தார். “இல்ல. அன்னிக்கு ஓய்வுதான.”

“ஓய்வால இல்ல அச்சோ. அன்னிக்கு ஷட்டருக்குள்ள வண்டி ஓடல. புகையில ஒரு வாயு இருக்கு, நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நீங்க சொல்ற அதே இரும்பப் போய் இறுக்கிப் பிடிச்சுக்கும். மூச்சுக்காத்துக்கு இடம் விடாது.”

“இருவது வருஷமா புகையிலதான் கிடக்கேன். எனக்குத் தெரியாத புகையா? கண்ணுகூட எரியல.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு.”

ஒரு வாரம் ஷட்டரை இடுப்பளவு தூக்கிவைப்பதாகச் சொல்லவைத்துத்தான் அனுப்பினாள். அவரும் அப்படியே செய்தார். தலைவலி போய்விட்டது.

ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்கள்: கையில் வளையம், கடையில் காற்று. இரண்டில் எது குணப்படுத்தியது என்று பார்க்க, ஒன்றைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வண்டியில் கோளாறு என்றால் துண்டுப் அப்படித்தான் செய்வார், ஒவ்வொரு வயராகக் கழற்றி. தம் உடம்பு விஷயத்தில் செய்யவில்லை. “பாத்தியா, காந்தம் வேலை செய்யுது” என்று யங்சனிடம் சொன்னார். அவர் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து அவளும் நம்பினாள். பனிக்காலத்தில் இங்கே யார் கன்னம்தான் சிவக்காது?

ஜனவரியில் ஒருநாள் ஊசிபோலக் காற்று அடித்தது. துண்டுப் ஷட்டரை முழுக்க இறக்கினார். மதியம் யங்சன் வெண்ணெய்த் தேநீர் கொண்டுவந்து தட்டினாள். பதில் இல்லை. இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. வேலையில் மும்முரமாக இருக்கிறார் என்று, குடுவையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்று மணிக்கு வந்தபோது குடுவை அங்கேயே இருந்தது. இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சிலிண்டர்கூடத் தடுமாறாமல்.

நாங்கள் நான்கு பேர் ஷட்டரைத் தூக்கினோம். துண்டுப் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு ஆறியிருந்தது. மணிக்கட்டு வளையத்தில் ஒரு சிறிய நட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காந்தம் பிடித்த இரும்பு அது ஒன்றுதான்.

வியாபாரி இப்போது அடுத்த ஊர் மண்டபத்தில் இருக்கிறான். உங்கள் ஊருக்கும் வருவான். ஒரு சொட்டு ரத்தத்தை அவன் காந்தத்தின் முன் வைத்து, எல்லார் எதிரிலும் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குமுன், மூடிய இடத்துக்குள் எங்காவது இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டால், தட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். ஷட்டரைத் தூக்குங்கள்.