ரெண்டு பேர் சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கம்பெனி கொடுத்த அடையாள அட்டையோடு சரி. சாரணர் படையின் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், மைதானத்துக் கேட்டைத் திறந்துவிடும் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘ரெண்டு பேர் சார்’தான். ஆள் என்னவோ ஒருவர், அதிலும் ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய உடம்பு. ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்த வார்த்தைதான். தண்ணீர் எடுக்கப் போகிறாயா, ரெண்டு பேராகப் போ. கயிறு எடுத்துவரப் போகிறாயா, ரெண்டு பேராகப் போ. பிள்ளையோடு பெரியவர் பேச வேண்டுமா, பெரியவர்கள் ரெண்டு பேர் இருக்க வேண்டும். பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டிச் சிரிப்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் பெருமைதான்.

இந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்தது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இருபத்துமூன்று வயதில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், கூட வேலை பார்த்தவன் லிஃப்டின் அடிக்குழியில் இறங்கியிருந்தான். மெயின் சுவிட்சை அணைக்காமல் இறங்கினால், மேலே ஒருவன் காவல் நிற்க வேண்டும். நிற்க வேண்டியவர் இவர். ஒரு நட்டு குறைகிறதென்று எதிர்க்கடைக்கு ஓடினார். ஐந்தே நிமிஷம். அதற்குள் எந்த மாடியிலோ யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் தனியாக எந்தக் குழியிலும் இறங்கவில்லை, யாரையும் இறங்க விட்டதுமில்லை. மேனேஜர் கத்தினாலும் சரி, மாடியில் நிற்பவர்கள் திட்டினாலும் சரி, இரண்டாவது ஆள் வரும்வரை தன் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார்.

சாரணர் படைக்கு அவர் வந்தது மகனால். பத்து வயதுப் பையனைச் சேர்க்கப் போன இடத்தில், பெரியவர்கள் போதவில்லை, வாரம் ஒரு நாள் வர முடியுமா என்று கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தார். “புள்ளையச் சேர்த்துட்டு வாங்கன்னு அனுப்பினேன், இவர் தன்னைச் சேர்த்துட்டு வந்திருக்கார்” என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மகன் ஒரே வருஷத்தில் பந்து விளையாடப் போய்விட்டான். அப்பா இருபது வருஷமாகியும் விடவில்லை.

தலைவர்களுக்கான பயிற்சி ஏழு நாள். வங்கியில் வேலை பார்ப்பவர், தையற்காரர், பள்ளி ஆசிரியை என்று நரை தட்டிய ஆட்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்து, கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, முடிச்சு விழாமல் அசடு வழிந்தார்கள். நன்றாகத்தான் பொழுது போனது. மூன்றாம் நாள் நடத்தை விதிகள் பற்றிய வகுப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு வைத்ததால் பாதிப் பேர் கண் செருகினார்கள். பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனித்திருக்கக் கூடாது என்று பயிற்சியாளர் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான். குழிக்கும் காவலுக்கும் உள்ள சம்பந்தம் இவருக்குத்தானே தெரியும். சொன்னதையெல்லாம் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஐந்து வருஷத்தில் அவரே பயிற்சியாளர் ஆனார். அந்த வகுப்பை அதன்பிறகு யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் படையில் பட்டன் என்று ஒரு பையன் இருந்தான். பதினொரு வயது. சட்டைப் பொத்தானை எப்போதும் ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு வருவான். அதனால் அந்தப் பெயர். அப்பா இல்லை, அம்மா மட்டும். அதிகம் பேசமாட்டான். ஆனால் சார் எங்கே போனாலும் நாலடி பின்னால் நிற்பான். சுத்தியல் வேண்டும் என்று இவர் கையை நீட்டும்போது சுத்தியல் அங்கே இருக்கும்.

அந்த வருஷ முகாமின் மூன்றாம் நாள் மத்தியானம், பாத்திரம் கழுவும் குழாயடியில் அவன் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

“சார், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்.”

சுற்றிலும் திறந்தவெளி. முப்பதடி தள்ளிப் பிள்ளைகள் கூடாரக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இவர்கள் இருவரும் நன்றாகத் தெரிந்தார்கள். ஆனாலும் அவர் வாயில் வந்தது வழக்கமானதுதான்.

“தனியாப் பேசக்கூடாதுடா. இரு, மேடத்தைக் கூட்டிட்டு வரேன்.”

மேடம் என்பது படையின் இன்னொரு தலைவி, மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் அப்போது ஒரு பையனின் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்துக் கை கழுவி வரப் பத்து நிமிஷம் ஆனது. இருவரும் குழாயடிக்கு வந்தபோது, பட்டன் தன் முறை இல்லாத தட்டுகளையும் சேர்த்துக் கழுவி அடுக்கி வைத்திருந்தான். என்னப்பா சொல்லணும்னியே என்று மேடம் அன்பாகத்தான் கேட்டார். பையன் மேடத்தைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

“ஒண்ணுமில்ல சார்.”

முகாம் முடிந்த அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். பூட்டியிருந்தது. அம்மாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டதாம், பையன் மாமா வீட்டில் இருந்து படிக்கப் போகிறானாம், மாமாவும் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாராம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். முகவரி யாரிடமும் இல்லை. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் என்ன சொல்ல வந்தான் என்பது அவரை விடவில்லை. லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பியைத் துடைக்கும்போது நினைப்பு வரும். சாப்பிட உட்காரும்போது வரும். ஏதாவது சின்ன விஷயமாகத்தான் இருக்கும் என்று மனைவி சமாதானம் சொல்வாள். சின்ன விஷயத்துக்கு ஒரு பிள்ளை அத்தனை தட்டைக் கழுவுமா என்று அவர் கேட்பார்.

ஆறு வருஷம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள், பயிற்சியாளர்களுக்கே புத்தாக்கப் பயிற்சி என்று அழைத்தார்கள். வகுப்பெடுத்தது மகன் வயதுள்ள ஒரு பெண். பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்றாள். இவர் வழக்கம்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நிறுத்தவில்லை. பிள்ளை ரகசியமாகப் பேச வந்தால் துரத்தாதீர்கள், மற்றவர்கள் பார்வையில் படும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர்கள் பார்த்தால் போதும், கேட்க வேண்டியதில்லை என்றாள். இவர் கையைத் தூக்கி, இந்த விதி எப்போது வந்தது என்று கேட்டார். அவள் புரியாமல் பார்த்தாள். “எப்பவும் இருந்ததுதான் சார்.”

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறினார். தகரப்பெட்டியில் அந்தப் பழைய நோட்டு இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்தில், அவருடைய கையெழுத்தில், பென்சிலில் இருந்தது: ‘பிறர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பிறர் காதில் விழ வேண்டியதில்லை.’

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் முதன்முதலில் வகுப்பெடுத்தபோது வரி அலுவலகத்து ஆள் ஒருவர் எழுந்து, கண்ணில் படணும் காதில் விழக்கூடாதென்றால் எத்தனை அடி தள்ளி நிற்கணும், பத்தா இருபதா என்று பிடித்துக்கொண்டார். அரைமணி நேரம் வீணாய்ப் போனது. அடுத்த வகுப்பில் அந்த இரண்டாவது வாக்கியத்தை இவர் விட்டுவிட்டார். ரெண்டு பேர் இல்லாம எதுவும் பேசாதீங்க, அவ்வளவுதான் என்று முடித்தார். எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. நாலு வருஷம் போனதும் அப்படி ஒரு வாக்கியம் இருந்ததே அவருக்கு மறந்துபோனது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நேரத்தை மிச்சம் பிடித்தார், அவ்வளவுதான். ஒரு நட்டு வாங்க ஓடியதுபோல.

பரணிலிருந்து இறங்காமல் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்ட அவரை மனைவிதான் கையைப் பிடித்து இறக்கினாள். அவர் அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பையனைக் கண்டுபிடித்தது மேடம். அவன் அம்மா இரத்த அழுத்த மாத்திரைக்கு ஒரு நாள் கடைக்கு வந்தாராம். போன வருஷம்தான் இந்தப் பக்கம் திரும்பி வந்தார்களாம். பையன் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்கிறான் என்றார். மறுநாள் காலையிலேயே இருவரும் போனார்கள். மேடம் எதிர்ச்சாரியில் பேக்கரி வாசலில் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் கடை முழுக்கத் தெரியும், ஒரு வார்த்தையும் கேட்காது.

பட்டன் வளர்ந்திருந்தான். மீசை அரும்பியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தன. கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, அடையாளம் தெரிந்து, முகமெல்லாம் சிரித்தான். இவர் இடப்பக்கமாகப் போய் நின்று பேசத் தொடங்கினார்.

“இந்தப் பக்கம் வாங்க சார். அந்தக் காது கேக்காது.”

இவர் வலப்பக்கம் வந்தார். எதற்காக வந்தோம் என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டார். அன்றைக்குக் குழாயடியில் என்னப்பா சொல்ல வந்தாய் என்றார். அவன் யோசிக்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். லீவுக்குப் போகும்போதெல்லாம் மாமா அடிப்பார். அவர் வீட்டிலேயே தன்னை விடப்போகிறார்கள் என்று முகாமுக்கு முந்தின வாரம்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தான். படிக்கச் சோம்பேறித்தனம் என்றாள்.

“நீங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கன்னு நினைச்சேன் சார்.”

மேடத்திடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். மேடம் கடைக்கு மருந்துப்பெட்டி இறக்குவதே மாமாதான், இருவரும் சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருந்தது என்றான். அந்த வீட்டில் நாலு வருஷம் இருந்தான். இரண்டாம் வருஷம் மாமா கன்னத்தில் விட்ட ஒரே அறையில் காது போனது. மாமா இப்போது உயிரோடு இல்லை.

தப்பு என்னோடதுதான், பட்டன் என்றார் இவர். அவன் பதறிப்போய்த் துணியைக் கீழே வைத்தான்.

“சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க சார். ரூல்தானே. ரெண்டு பேர் வேணும்ல.”

அவன் திட்டியிருந்தால் தேவலை. அவர் கற்றுக்கொடுத்ததை அவருக்கே எடுத்துச் சொல்லி அவரைத் தேற்றினான் பையன். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன தண்டனை வேண்டும்?

சாலையைக் கடந்து வந்தவரிடம், பையன் என்ன சொன்னான் என்று மேடம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னார். மருந்துப்பெட்டி விஷயத்தை மட்டும் விழுங்கிக்கொண்டார். வருத்தப்பட அவர் ஒருவர் போதும்.

அன்று சாயங்காலமே பயிற்சிப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினைந்து வருஷத்தில் அவரிடம் அந்த வகுப்பைக் கேட்டவர்கள் முந்நூற்றுச் சொச்சம். ‘நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதியை விட்டுவிட்டேன்’ என்று தொடங்கி, விட்ட வாக்கியத்தையும், அதனால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆனது என்பதையும், அவன் பெயரை மட்டும் சொல்லாமல் எழுதினார். மகனிடம் கேட்டு எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார். கட்டைவிரலை உயர்த்திய படங்கள் வந்தன. நன்றி சார் என்று வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வந்தது. பாதிப் பேரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை.

நாலாம் நாள், ஏழு மாடிக் கட்டடத்தில் குழியருகே காவல் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. குழிக்குள் இருந்தவனை மேலே ஏறச் சொல்லிவிட்டு எடுத்தார். ஒரு பெண் குரல். நாலு வருஷத்துக்கு முன் அவரிடம் பயிற்சி எடுத்த தலைவி. பெயரைச் சொன்னார்.

“சார், எங்கிட்டயும் ஒரு பொண்ணு வந்தா. மூணு மாசம் முன்னாடி. நீங்க சொன்ன மாதிரியே, இரும்மா இன்னொரு டீச்சரைக் கூப்பிடறேன்னு சொன்னேன். நாங்க வந்து கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டா.”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா இருக்கா?”

“இன்னும் வரா சார். இன்னைக்கும் சாயங்காலம் வருவா.”

“அப்ப இன்னைக்கே கேளுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. இன்னொரு டீச்சரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, அவங்க பார்த்தாப் போதும். நீங்க பக்கத்துல உக்காந்து, அவ சொல்றவரைக்கும் எழுந்திரிக்காதீங்க.”