எட்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறாவது நாமம்

1956-ஆம் வருடம் டிசம்பர் 22, சனிக்கிழமை, காலை மணி பத்து நாற்பது. பனி விலகிவிட்டது, வெயில் இன்னும் உறைக்கவில்லை, காற்று இல்லை. அஞ்செட்டியைத் தாண்டி ஆறு மைலில் காட்டாறு வண்டித்தடத்துக்குக் குறுக்கே ஓடும் துறையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். எனக்கு முன்னால் வந்து அங்கே காத்திருக்க வேண்டிய என் சம்பந்தி முனிசாமியைக் காணோம். ஈர மணலில் மாட்டுக் குளம்பின் தடம் இருந்தது, மான் குளம்பின் தடம் இருந்தது. சைக்கிள் தடம் ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

நம் பஜனைக் கூட்டத்து அன்பர்கள் பலர் இதைக் காதால் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுகிறவர்கள் ஆளுக்கொன்றாக யானையையும் புலியையும் சேர்த்துவிடுவதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யானையும் வரவில்லை, புலியும் வரவில்லை.

நான் கணக்கு வாத்தியாராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு உறக்கம் போய்விட்டது. கதவைத் தாழிட்டோமா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பேன். ஓட்டின் சட்டங்களை எண்ணுவேன். என் மகள் சரோஜாவின் மாமனார்தான் முனிசாமி. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு வீட்டிலும் தெலுங்கு கலந்த பேச்சு, அதனால் என்னைப் 'பாவா' என்பார். அவருக்கு ஒரு பழக்கம். தோப்பில் வேலை ஓய்ந்த மாதங்களில் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு காடு, ஆறு என்று சுற்றிவிட்டு வருவார்.

"பஸ்ல போனா காடு பின்னாடி ஓடும் பாவா. சைக்கிள்ல போனா நம்ம கூடவே வரும். நாலு நாள் மிதிச்சுப் பாருங்க. ராத்திரி படுத்தா கட்டை மாதிரி தூக்கம் வரும்" என்றார்.

ஓசூரிலிருந்து ஒகேனக்கல் வரை போவதாக முடிவாயிற்று. தூக்கம் வர வேண்டும் என்று நான் ஒரு பிரார்த்தனையும் சேர்த்துக்கொண்டேன். ஒகேனக்கல் போய்ச் சேருவதற்குள் பன்னிரண்டாயிரம் ராமநாமம். வலது பெடல் கீழே போகும்போதெல்லாம் ஒரு நாமம். நூறு ஆனால் இடது பையிலிருந்து ஒரு மொச்சைக் கொட்டை வலது பைக்குப் போகும். மொத்தம் 120 கொட்டை.

அதைப் பார்த்து சம்பந்தி சிரித்தார். "இதை வேக வச்சா ரெண்டு பேருக்கும் மத்தியான சோத்துக்கு ஆகும் பாவா."

புறப்படும்போது சரோஜா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "அப்பா, மாமா வயசை மறந்து ஓட்டுவாரு. நீங்கதான் பாத்துக் கூட்டிட்டு வரணும். ஏதாச்சும் ஆச்சுன்னா நான் அந்த வீட்டுல எப்படி நிக்கறது?"

முதல் நாள் தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டி. சம்பந்திக்கு வாய் சும்மா இருக்காது. அந்த மரம் என்ன, இந்தப் பறவை என்ன என்று பேச்சு. எனக்கு எண்ணிக்கை தப்பும். நான் பதில் பேசாமல் போனால் அவருக்கு விளையாட்டு. பின்னாலிருந்து "பாவா, டயர்ல காத்து எறங்குது" என்று கத்துவார். நான் பதறி இறங்கிப் பார்த்தால் டயர் கல் மாதிரி இருக்கும். அப்படி இரண்டு தடவை செய்தார்.

மறுநாள் காலை சத்திரத்தை விட்டுக் கிளம்பும்போது நான் கோபமாகவே சொன்னேன். "நீங்க முன்னாடி போங்க சம்பந்தி. ஆத்துத் துறையில நில்லுங்க. அதுவரைக்கும் கூப்பிடாதீங்க. கூப்பிட்டாலும் நான் திரும்பமாட்டேன்."

"ஆகட்டும் சாமி" என்று கும்பிட்டுவிட்டு அவர் மிதித்துப் போனார். அவர் முதுகுதான் தெரிந்தது. பிறகு மூங்கில் மறைத்துவிட்டது.

அந்தத் தடம் பள்ளத்தாக்கை ஒட்டிச் சமமாகப் போகிறது. ஒரு பக்கம் மூங்கில், மறு பக்கம் உண்ணிச்செடிப் புதர், அதற்குக் கீழே ஓடை. நான் குனிந்த தலை நிமிராமல் எண்ணிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் "பாவா" என்று ஒரு குரல் கேட்டது. ஒரே ஒரு தடவை. புதருக்குள் ஒளிந்து நின்று மறுபடியும் விளையாடுகிறார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக ராமா ராமா என்று சொல்லி மிதித்துப் போய்விட்டேன்.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து. முதலில் கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது நிமிஷம் கழித்துத்தான் மணலைப் பார்க்கத் தோன்றியது. தடம் ஒன்று என்று கண்டதும் அந்தக் குரல் என்ன குரல் என்பது புரிந்தது.

எங்கே கேட்டது அந்தக் குரல்? நினைவில்லை. ஆறு மைலும் ஒரே மூங்கில், ஒரே புதர். வெயில் சாய்ந்தால் அந்தத் துறைக்கு யானைகள் தண்ணீருக்கு இறங்கும் என்று சத்திரத்துக்காரர் சொல்லியிருந்தார். சரோஜாவின் முகம் வந்தது. அவள் வீட்டு வாசலில் நான் மட்டும் சைக்கிளை நிறுத்துவது போல் தோன்றியது.

மணலில் மண்டியிட்டேன். நாற்பது வருடமாக நாமம் சொல்லுகிறவன், எண்ணாமல் சொன்னது அன்றுதான். "ராமா, கூப்பிட்டவனை விட்டுட்டு வந்துட்டேன். அவன் இருக்கற இடத்தைக் காட்டு" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. அழுதேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எழுந்தபோது மனதில் ஓர் எண் நின்றது. 8,690.

குரல் கேட்டு நான் எரிச்சல்பட்ட நொடியில் சொன்ன நாமம் அது. அப்போது வலது பையில் 86 கொட்டை இருந்தது, எட்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு என்று வீம்பாக அழுத்திச் சொல்லிக்கொண்டேன். துறையில் இறங்கியபோது 9,160. வித்தியாசம் 470. ஒரு சுற்றுக்கு என் சைக்கிள் ஆறு கஜம் போகும். ஒரு மைலும் ஆயிரத்து அறுபது கஜமும். மூன்றாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. அதை ராமன் எனக்குப் போட்டுக் கொடுத்தான். இந்த மூளைக்கு வேறு எந்தப் பாஷையில் சொன்னாலும் ஏறாது என்று அவனுக்குத் தெரியும்.

திரும்பி மிதித்தேன். 470 ஆனதும் இறங்கினேன். ஒன்றும் இல்லை. "சம்பந்தி" என்று கத்தினேன். பதில் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருபதடி நடந்தேன். தடத்து ஓரத்தில் ஒரு பிரேக் ரப்பர் கிடந்தது. அதற்கு நேரே உண்ணிச்செடி முறிந்து பச்சையாக இருந்தது.

எட்டிப் பார்த்தேன். பத்தடிக் கீழே ஓடைக் கல்லில் சாய்ந்து கிடந்தார். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. இடது கணுக்கால் திரும்பிக் கிடந்தது. பக்கத்தில் சைக்கிள் சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. நான் சறுக்கி இறங்கி முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் விழித்தார்.

"வந்தீங்களா பாவா" என்றார். "செயின் கிறீச்சுனு சத்தம் கேட்டுச்சு. ராமா ராமான்னு கேட்டுச்சு. ஒரு தடவைதான் கூப்பிட முடிஞ்சுது. அப்பறம் கண்ணு இருட்டிட்டு வந்துடுச்சு."

"கேட்டேன் சம்பந்தி. கேட்டும் போயிட்டேன்."

"ரெண்டு தடவை பொய்யா கூப்பிட்டவன் நான்தானே" என்றார்.

என் துண்டைக் கிழித்து, இரண்டு மூங்கில் சிம்பு வைத்துக் காலைக் கட்டினேன். அவரை மேலே தூக்க என்னால் ஆகவில்லை. மூன்று தடவை முயன்றேன். மூன்றாம் தடவை இருவரும் சேர்ந்து சறுக்கினோம். அப்போது மேலே மாட்டு மணி கேட்டது. மூங்கில் ஏற்றிய வண்டி ஒன்று அஞ்செட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டேன். வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு உடனே இறங்கி வந்தார்.

"ஏன் சாமி, வயசான காலத்துல ரெண்டு பேரும் ஓடையில எறங்கிச் சண்டை போட்டுகிட்டீங்களா?" என்றார்.

"சண்டையெல்லாம் காலையிலேயே முடிஞ்சுது அப்பா" என்றார் சம்பந்தி, வலியோடு.

மூங்கிலைப் பாதி இறக்கிப் போட்டுவிட்டு அவரைப் படுக்க வைத்தார் அந்தப் புண்ணியவான். இரண்டு சைக்கிளும் பின்னால் ஏறின. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அஞ்செட்டி வரை எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. எண்ணவில்லை.

அன்று மாலை நாட்டு வைத்தியர் எலும்பைச் சேர்த்துக் கட்டினார். கால் பிழைத்தது. இப்போது இரண்டு வருடமாகிறது, சம்பந்தி கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், சைக்கிளை மட்டும் விடவில்லை. போன தை மாதம் இருவரும் தென்பெண்ணைக் கரையோரமாகப் போய்விட்டு வந்தோம். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். அவர் வழியெல்லாம் பேசினார். நான் வழியெல்லாம் பதில் சொன்னேன்.

நான் வேண்டிய பன்னிரண்டாயிரம் நிறைவேறவில்லை. 9,160-இல் நிற்கிறது. மொச்சையைச் சரோஜா குழம்பில் போட்டுவிட்டாள். ஆனால் தூக்கம் வந்துவிட்டது. கதவை ஒரு தடவைதான் பார்க்கிறேன். சில நாள் இரண்டு தடவை.

அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நாமம் சொல்லுங்கள், அவன் கேட்கிறான். ஆனால் நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போங்கள். பொய்யாகக் கூப்பிட்டாலும் போங்கள். இப்போது பூஜையில் இருக்கும்போது பேரக்குழந்தை கூப்பிட்டாலும் நான் "வந்தேன்" என்று எழுந்துவிடுகிறேன். விட்ட இடத்தில் அவன் காத்திருப்பான். நான் அவனை நம்பியதைவிட அவன் என்னைப் பொறுத்துக்கொண்டதே அதிகம். நீங்களும் நம்பிப் பாருங்கள்.

செலவு கேட்பவர்களுக்காக, அன்றைய அணாக் கணக்கில்: வண்டிக்காரர் வேண்டாம் வேண்டாம் என்றும் கையில் திணித்தது மூன்று ரூபாய். மூன்று கட்டுக்கும் வைத்தியருக்குப் பன்னிரண்டு. ஊர் திரும்ப இரண்டு ஆள், இரண்டு சைக்கிள், பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய் பத்தணா. ரிம்முக்கும் பதினொரு கம்பிக்கும் எட்டு ரூபாய் ஆறணா. பிரேக் ரப்பர் ஐந்தணா. தேங்காய், கற்பூரம் ஒன்பதணா. சம்பந்தி பாதி தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. ஆக மொத்தம் இருபத்தாறு ரூபாய் பதினான்கு அணா.