எதிர் ஜன்னலில் நின்றவள்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். என் இரண்டு கைகளும் நனைந்தது எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். லின்ஸ் நகரிலிருந்து டான்யூப் ஆற்றோடு கீழே போனால் வரும் பழைய ஊர். அந்த விடுதி இன்றும் நடக்கிறது.

அது நவம்பர் மாதம். அந்த வருடம்தான் எங்கள் முதல் குழந்தை பிறந்த வாரமே இறந்துபோயிருந்தது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த என்னை, நாலு நாள் வெளியே இருந்தால் மனது ஆறும் என்று என் கணவர் போல்டி அழைத்துப் போனார். விடுதி வாசலில் பழைய வெள்ளங்கள் ஏறிய மட்டத்தைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். மேல்கோடு எங்கள் தலைக்கும் மேலே.

"ரெண்டாவது மாடி கேட்டது நல்லதாப் போச்சு ரெஸி. முழுகினாலும் கடைசியாத்தான் முழுகுவோம்" என்றார் போல்டி. நானும் சிரித்தேன். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு.

மாலை ஐந்து மணி தாண்டியிருக்கும். அதற்குள் இருட்டிவிட்டது. போல்டி குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் ஜன்னலைத் திறந்தேன். கீழே குறுகலான சந்து முழுக்க மூடுபனி.

சளக்... சளக்...

சுவரில் தண்ணீர் மோதும் சத்தம். ஆறு இரண்டு தெரு தள்ளி அல்லவா இருக்கிறது? குனிந்து பார்த்தேன். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

நிமிர்ந்தேன். எதிர் ஜன்னலில் ஒரு பெண். தலையில் கறுப்புத் துணி. மார்போடு அணைத்த ஒரு பொதி.

"தண்ணி படியேறிடுச்சும்மா" என்றாள். குரலில் பதற்றமே இல்லை. "பிள்ளைய வாங்கிக்கோ."

பொதிக்குள் முனகல்... பிறந்த குழந்தையின் முனகல்.

நான் யோசிக்கவில்லை. ஜன்னல் கட்டையில் முழங்காலை ஏற்றினேன். கைகளை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம்."

எக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்மா..."

பொதி கையில் பட்டது. நல்ல கனம். சில்லென்ற ஈரம்.

அவள் விடவில்லை.

இழுத்தாள்.

என் கால் தரையில் இல்லை...

யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். போல்டிதான். இருவரும் தரையில் விழுந்தோம். அவர் முகத்தில் பாதி சோப்பு நுரை.

"யார்கிட்ட கைய நீட்டுற ரெஸி? அங்க வெறும் சுவருதானே இருக்கு."

பார்த்தேன். ஜன்னலே இல்லாத சுவர். என் சட்டைக் கை முழங்கை வரை நனைந்து, சேற்று நாற்றம் அடித்தது.

மறுநாள் காலை விடுதிக்கார அம்மா ஹெட்விக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருட வெள்ளத்தில் எதிர் வீடு இடிந்து போனதாம். அந்தப் பெண் இரவெல்லாம் ஜன்னலில் நின்று கத்தியிருக்கிறாள். படகு வருவதற்குள் வீடே இல்லை. அந்தச் சுவர் பிறகு கட்டியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குழந்தையின் உடலாவது கிடைத்ததா என்று கேட்டேன்.

ஹெட்விக் காப்பி ஊற்றுவதை நிறுத்தினார்.

"எந்தக் குழந்தை? அவ தனிக்கட்டைம்மா. அந்த வீட்டுல குழந்தையே இருந்ததில்ல."