சரிவு தேடிய அம்பாசிடர்

நெல்லை வாழ் பெருமக்களுக்கும், ஊரைவிட்டுப் போய் இங்கே லைக் மட்டும் போடும் சொந்தங்களுக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு.

எங்கள் வீட்டு அம்பாசிடர் இன்று காலை சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. யாரும் தள்ளவில்லை.

சிரிக்க வேண்டாம். எனக்கு நினைவு தெரிந்து இது முதல்முறை. வயது பதினெட்டுதான், நினைவலை எழுத உரிமை உண்டா என்று கேட்பவர்கள் வரிசையில் வரவும்...

அந்த வண்டி என்றதும் எனக்கு முதலில் வருவது வாசம். வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டு, பெட்ரோல், முன்னால் உம்மா வைத்திருக்கும் அத்தர். மூன்றும் கலந்து அடித்தால் புதிதாக ஏறுகிறவருக்குத் தலை சுற்றும். எங்களுக்கு அதுதான் ஏசி.

மேலப்பாளையத்தில் எங்களுக்குத் துணிக்கடை. சவுதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்த வாப்பா, ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்தக் கார். ஸ்டார்ட் பண்ணும் செல்ஃப் மோட்டார் வயதாகி எப்போதோ உயிரை விட்டுவிட்டது. மாற்றுவதற்குச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை.

அதனால் வாப்பா எங்கே போனாலும் முதலில் சரிவைத்தான் தேடுவார். சரிவில் நிறுத்தினால் ஆள் துணை இல்லாமல் உருட்டியே ஸ்டார்ட் பண்ணிவிடலாம். கல்யாணம் ஒரு தெருவில் நடக்கும், வண்டி எங்கேயோ பாலத்துச் சரிவில் நிற்கும். சரிவு இல்லாத தெருவில் எங்களுக்குச் சொந்தக்காரர்களே இல்லை என்று ஆகிவிட்டது.

முன்பெல்லாம் தெருவில் தள்ள ஆள் இருந்தது. அந்த அண்ணன்மார் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் போனார்கள். வாப்பாவுக்கு இடுப்பு வலி வந்தது. தினமும் யாரையாவது கூப்பிடக் கூச்சமும் வந்தது.

அப்போதுதான் மதுரையில் ஓட்டல் நடத்தும் ஒருவர் வண்டியைக் கேட்டார். இன்ஜினைக் கழற்றிவிட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே மேஜை போட்டுப் பரோட்டா பரிமாறுவாராம்.

இரண்டு வருடத்துக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்தில் கார் ஷோ. சாயங்காலம் எல்லா வண்டியும் மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். வாப்பா என்னிடம் சொன்னார்:

“ஒரு ரவுண்டு ஓடிட்டுன்னா வீட்டுக்குக் கொண்டு போவோம். இல்லேன்னா ஓட்டல்காரரு அங்கன வருதாரு, குடுத்துருவோம் லே.”

ஓட்டமா, ஓட்டலா. அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தால் மைதானம் கேரம் போர்டு மாதிரி சமமாகக் கிடந்தது. வாப்பா ஏற்பாட்டாளர்களிடம், “தம்பி, சரிவா ஒரு எடம் கெடைக்குமா?” என்றார். அவர்கள் பாவம், நிழலான இடம் ஒன்று கொடுத்தார்கள்.

பழசும் புதுசும் கலந்து நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில், அன்றுதான் அறிமுகமான ஜெபராஜ் அண்ணனின் மின்சாரக் கார். வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. “ஜன்னலைத் திற” என்று சொன்னால் கார் திறந்தது. கூட்டம் வாயையும் திறந்தது.

“ஒங்க வண்டில வாய்ஸ் கமாண்ட் உண்டா லே?” என்று என்னைச் சீண்டினார்.

“உண்டுண்ணே. வாப்பா ‘எறங்கித் தள்ளுங்கலே’ம்பாரு. வண்டி கேக்காது, நாங்க கேப்போம்.”

“சன்ரூஃப்?”

“மேல துரு பிடிச்சிக்கிட்டு வருது. அடுத்த வருசம் தானா தெறந்துரும்.”

“ரிவர்ஸ் கேமரா?”

“நாந்தான். ‘வரலாம் வரலாம்’பேன். செவுத்துல இடிச்சதும் ‘போதும்’பேன்.”

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டல்காரர் வந்து பின்சீட்டைக் கையால் அளந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் சுற்று ஆரம்பித்தது. ஜெபராஜ் அண்ணன் கார் சத்தமே இல்லாமல் மிதந்து போய்த் திரும்பி வந்தது. அடுத்து நாங்கள். ஒருவேளை மனம் இரங்குமோ என்று வாப்பா சாவியைத் திருப்பினார்.

டொக்.

மறுபடியும் டொக்.

கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. வாப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் நாக்கில் எந்த ஜோக்கும் வரவில்லை.

ஜெபராஜ் அண்ணன்தான் வந்தார். “என்ன பாய் யோசிக்கிய? ரெண்டாவது கியர்ல போடுங்க, நாங்க தள்ளுதோம்.”

“ஷூ வீணாப் போவும், தம்பி.”

“ஷூ கடையில கெடைக்கும் பாய். ஏலே, வாங்கலே எல்லாரும்.”

புதுக் கார்க்காரர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு, செம்மண்ணில் வழுக்கிக்கொண்டு... என் தலைமையில் அந்த மாபெரும் தள்ளல் நடைபெற்றது. வண்டி குலுங்கியது, இருமியது, கரும்புகையாக ஒரு ஏப்பம் விட்டது. பிறகு அந்தச் சத்தம். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வாப்பா முழுச் சுற்றும் ஓட்டினார். முடிவுக் கோட்டில் ஓட்டல்காரர் கையைக் காட்டினார். வாப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, நிறுத்த முடியாது. நிறுத்துனா மறுபடி தள்ளணும்.”

அப்படியே வாசல் வழியாக வெளியேறி, பாலம் தாண்டி, நேராக வீடு. பரிசு எதுவும் வாங்காமலே அவ்வளவு சந்தோஷமாக வாப்பாவை நான் பார்த்ததில்லை.

அதோடு விடவில்லை ஜெபராஜ் அண்ணன். அந்த மோட்டாரை ஆன்லைனில் தேடிக்கொண்டே இருந்தார். இடையில் பல ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்த்துக்கொண்டு வந்து தள்ளியும் விட்டார். கோயம்புத்தூரில் ஒரு பழைய கடையில் மோட்டார் அகப்பட்டு, போன வாரம் பார்சலில் வந்தது. என்ன கைம்மாறு செய்ய என்று வாப்பா கேட்டதற்கு, “ஒரு பிரியாணி போடுங்க பாய், போதும்” என்றார். அவர் சொந்தக் காரில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. எங்கள் வண்டிக்காக இப்படி அலைந்திருக்கிறார்.

இப்போது சாவியைத் திருப்பினால் போதும். நல்லதுதான். ஆனால் இன்று காலை வாப்பா தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். தள்ள வந்தவர்கள் குடித்த டீ டம்ளர்களை உம்மா அலமாரியில் ஏற்றிவிட்டாள்...

கடைசியாக ஒன்று. காலேஜில் நான் சொல்லி வைத்திருப்பது, அன்று மைதானத்தில் முதல் ஆளாகத் தோள் கொடுத்தவன் நான் என்று.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் வண்டி நிற்காதே, நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில், அவர்கள் கை வைக்கும் முன்பே நான் பின்சீட்டில் ஏறிப் படுத்துவிட்டேன். “பழைய வண்டின்னாலும் இம்புட்டா கனக்கும்?” என்று ஜெபராஜ் அண்ணன் பின்னால் முக்கியது எனக்கு நன்றாகவே கேட்டது.