மதியம் ஒரு மணிக்கு மச்சான் பார்த்தது

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் கடலூரில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். எங்கோ தூரத்தில் இருப்பதை மனசாலேயே பார்க்கலாம் என்று சொல்லும் ஒரு வீடியோவை அவன்தான் எனக்கு அனுப்பினான். விளையாட்டாக ஆரம்பித்தோம். மதியம் ஒரு மணிக்கு அவன் அங்கே ஏதாவது ஒரு பொருளை உற்றுப் பார்ப்பான். நான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு, தோன்றுவதைத் தாளில் வரைவேன். பிறகு போனில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நான் கோபுரம் வரைந்த அன்று அவன் பார்த்தது தயிர்சாத டப்பா. பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் அதுவரை கல்யாணம், காரியம் என்றால் மட்டும் பேசிக்கொண்ட நாங்கள், தினமும் பேச ஆரம்பித்திருந்தோம்.

ஒரு புதன்கிழமை கண்ணை மூடினால் எந்த உருவமும் வரவில்லை. நெஞ்சு அடைத்தது, அழுகை வருவது போலிருந்தது. 'பயம்' என்று மட்டும் எழுதிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு என்ன பாத்த மச்சான்?"

அவன் என்னையே திருப்பிக் கேட்டான். "நீங்க என்ன எழுதுனீங்க மாமா?"

சொன்னேன். அவனும் மறைக்காமல் சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்த ரிப்போர்ட் கவரைத்தான் ஒரு மணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பிரிக்கவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவுமில்லை.

"அப்டியே வச்சிரு. நான் வரேன்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். டாக்டர் முன்னால் இரண்டு பேரும் சேர்ந்துதான் உட்கார்ந்தோம். புற்றுநோய் இல்லை, காசநோய்க் கட்டி, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். வெளியே வரும்வரை அவன் என் கையை விடவில்லை.

அது என்னவென்று இன்றும் எனக்குத் தெரியாது. முந்தின நாள் அவன் பேச்சில் இருந்த எதையோ என் காது பிடித்திருக்கலாம். பிறகு ஒருநாள் மகள் வீடு திரும்ப நேரமானபோதும் அதே மாதிரி நெஞ்சு அடைத்தது. ஏதேதோ கண்ணில் தெரிந்தது. அவளோ ஊருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பத்தைத் தாண்டி நெரிசலில் நின்ற பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது முழுக்க என் பயம். அந்தப் புதன்கிழமை எனக்கென்று எந்தப் பயமும் இருக்கவில்லை. எனக்குத் தெரிகிற வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று அவனைக் கூப்பிடத் தோன்றியதற்கும், கேட்டதும் அவன் மறைக்காமல் சொன்னதற்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். மாத்திரை முடிந்த வாரம் குடும்பத்தோடு வந்தான். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஹாலிலேயே தூங்கிப்போனான். என் மனைவி சத்தம் போடாமல் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.